தொட்டில் கொக்கியும் தரச் சான்றிதழும்: பனியன் ஊரில் குழந்தை அறை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

என் மகளுக்கு இது ஏழாவது மாதம். கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். போன வாரம் போனில் கேட்டாள்: "அம்மா, பாப்பாவுக்கு என்ன வாங்கி வைக்கிறது? மரத்துல கம்பி வெச்ச தொட்டில்கட்டிலா, ஸ்பிரிங் தொட்டிலா? சேலையில கட்டிக்கலாம்னா இங்க மேல ஒரு கொக்கி கூட இல்லம்மா. உன்ற அபிப்பிராயத்தச் சொல்லு."

எந்தத் தாயும் மகளும் பேசிக்கொள்கிற பேச்சு தான். ஆனாலும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேஜையில் நின்றவள் நான். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடுப்பு எத்தனை ஆயிரம் என் கைவழியாகப் போயிருக்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது. ஜெர்மனியிலோ பிரான்சிலோ இருக்கிற ஒரு தாய் தன் குழந்தையின் கழுத்துப்பட்டி பற்றி, பட்டன் பற்றி, சாயம் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். 'பையர் கமெண்ட்' என்கிற பெயரில் அது காகிதத்தில் அச்சாகி மேஜைக்கு வந்துகொண்டே இருந்தது. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை.

தொட்டில், மெத்தை, பவுடர், கொசுவலை போன்றவற்றை நம் பத்திரிகைகள் பெண்கள் இதழ்களின் கடைசிப் பக்கங்களுக்கு ஒதுக்கிவிட்டன. கூலி பற்றி எழுதியிருக்கிறோம். சாதி பற்றியும் சாயக்கழிவு பற்றியும் எழுதியிருக்கிறோம். வேலைக்கு வந்தவளின் குழந்தை அந்த நேரத்தில் எங்கே தூங்கியது என்று எழுதவில்லை. குழந்தை எங்கே, எதில், எப்படித் தூங்க வேண்டும் என்பது குறித்து எல்லாத் தாய்மாருக்கும் அபிப்பிராயம் இருக்கிறது. அதில் யாருடைய அபிப்பிராயம் தரமாகவும் சட்டமாகவும் மாறுகிறது, யாருடையது வெறும் புலம்பலாக நின்றுபோகிறது? திருப்பூரின் வரலாற்றை இந்தக் கேள்வியின் வழியாகவும் எழுதலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2

குழந்தைக்கென்று தனி அறை எல்லாக் காலத்திலும் இருந்த ஒன்றல்ல. குழந்தைப் பருவம் என்கிற கருத்தாக்கமே ஐரோப்பாவில் பிற்காலத்தில் உருவானது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியே 1960இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைப் பலமாக மறுத்தார்கள். முந்தைய காலத்துப் பெற்றோரும் தம் பிள்ளைகளைச் சீராட்டினார்கள், இழந்தபோது அழுதார்கள் என்று காட்டினார்கள். அந்த மறுப்பு நியாயமானது. ஆனால் ஆரியே கவனித்த இன்னொரு விஷயம் நமக்கு வேண்டும். வீட்டுக்குள் தனித்தனி அறைகள் பிரிந்ததும், குடும்பம் தெருவிடமிருந்து தன்னை மூடிக்கொண்டதும், குழந்தையைப் பற்றிய புதிய எண்ணமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தான் வந்தன. வசதிப்பட்டவர்களின் வீட்டில் உருவான அந்த அறை பிறகு எல்லோருக்குமான ஆசையாக மாறியது. அந்த ஆசைக்கு வேண்டிய துணியைத் தைக்கிற ஊர்களில் ஒன்றாகத் திருப்பூர் ஆனது.

நம் பக்கத்தில் குழந்தைக்கு அறை கிடையாது, கொக்கி உண்டு. ஓட்டு வீட்டின் விட்டத்தில் ஒரு இரும்பு வளையம், அல்லது கயிறு சுற்றித் தேய்ந்து பள்ளம் விழுந்த ஒரு இடம். தொட்டில், தூளி, ஏணை என்று ஊருக்கொரு பெயர். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன அம்மாவின் பழைய நூல்சேலை தான் அதன் துணி. வேலை முடிந்ததும் அவிழ்த்து மடித்தால் இடம் அடைக்காது. காலால் ஆட்டிவிட்டுக் கையால் வேறு வேலை பார்க்கலாம். குழந்தை பிறக்க வேண்டும் என்று கோயில் மரத்தில் சின்ன மரத்தொட்டிலைக் கட்டிவிட்டு வருகிற வேண்டுதலும் இதே பொருளிலிருந்து தான் வருகிறது.

இதைச் சொல்லும்போது பழம்பெருமை பேசுகிற ஆபத்து இருக்கிறது. சேலைத் தொட்டில் அப்படியொன்றும் அப்பாவிப் பொருள் அல்ல. சற்று வளர்ந்த பிள்ளை அதில் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகிச் செத்த சம்பவங்கள் நம் நாட்டில் பதிவாகியிருக்கின்றன. மரத்தொட்டிலைத் தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவராத மருமகள் பட்ட பேச்சுகளை நான் நேரில் கேட்டிருக்கிறேன். பொட்டைப் பிள்ளை பிறந்தால் தொட்டிலே கட்டாத வீடுகளும் மேற்கு மாவட்டங்களில் இருந்தன. அதனால் தான் 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, 'கொல்லாதே, இங்கே போட்டுவிட்டுப் போ' என்று ஒரு தொட்டிலை வெளியே கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. ஆக, எந்த வீட்டில் தொட்டில் தொங்கும், யாருக்குத் தொங்கும் என்பதெல்லாம் அதிகாரம் சார்ந்த விஷயம் தான்.

3

1925ஆம் ஆண்டு இந்த ஊர்க்கதையில் இரண்டு தடவை வருகிறது. அந்த வருடம் தான் காந்தியின் முயற்சியில் அகில இந்திய நூற்போர் சங்கம் தொடங்கியது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் அமைந்தது. அதே வருடம் தான் குலாம் காதர் இங்கே முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்று ஊர் வரலாறு சொல்கிறது. அதன் பெயர் 'பேபி நிட்டிங்'. பேபி என்கிற சொல் இந்தத் தொழிலின் முதல் பெயர்ப் பலகையிலேயே ஏறிவிட்டது.

என் அப்பத்தா தாராபுரம் பக்கம். கதருக்கு நூல் நூற்றவள். ராட்டை சுற்றுகிறபோது தொட்டில் கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாளாம். "ரெண்டு கை ராட்டைக்கு, ஒரு கால் உங்கப்பனுக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தக் காலத்தில் நூற்கிறவளுக்குக் கிடைத்த கூலி சில்லறை தான். காந்தியே 1935இல் தலையிட்டுக் கூலியை உயர்த்தச் சொல்ல வேண்டி வந்தது. எனவே அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. உற்பத்தியும் தொட்டிலும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே உடம்பில் மாட்டியிருந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பனியன் கம்பெனி இந்தக் கயிற்றை அறுத்தது. ஆனால் உடனே அல்ல. நெடுங்காலம் பனியன் தொழில் ஆண்களின் தொழிலாகவே இருந்தது. 1984இல் பஞ்சப்படிக்காக நடந்து 127 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தை இன்றைக்கும் கிழவர்கள் கண்கலங்கப் பேசுவார்கள். அந்த நினைவுகளில் வருகிற முகங்கள் பெரும்பாலும் ஆண்கள் முகம் தான். 1970களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் வந்து ஏற்றுமதிக்கு வழி திறந்தார்கள். 80களிலும் 90களிலும் அது பெருகியபோது தான் தேனி, மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கமிருந்தும், எங்களைப் போல் வானம் பார்த்த பூமியிலிருந்தும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தோம். செக்கிங், பிசிர் வெட்டுதல், கைமடி என்று எங்களுக்கு ஒதுக்கிய வேலைகளுக்குக் கூலி குறைவு. நாங்கள் வந்ததோடு தொட்டிலும் ஊருக்குள் வந்தது. அதை மாட்ட இடம் தான் இல்லை.

4

வீட்டில் இல்லாத இடத்தை முதலில் சொல்கிறேன். நாங்கள் குடியிருந்தது காம்பவுண்டு வீடு. வரிசையாகப் பத்து அறை, பத்துக் குடும்பம், கடைசியில் இரண்டு கக்கூஸ். பத்துக்குப் பத்து அறையில் ஒரு மூலை அடுப்படி. மற்ற மூன்று மூலையும் மற்ற எல்லாமும். மேலே சிமெண்ட் அட்டை. 1996இல் மகள் பிறந்து, தொட்டில் கட்ட அட்டைக்குக் குறுக்கே போகிற இரும்புக் குழாயைக் காட்டி வீட்டுக்காரம்மாவைக் கேட்டோம். "அதுல கட்டாதீங் அம்மிணி, அட்டை ஒடஞ்சு போயிரும். செவுத்துலயும் ஆணி கீணி அடிச்சுப் போடாதீங், காரை பேந்துரும்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அட்டைக்குச் செலவு செய்தது அவர். ஆனால் ஒரு குழந்தை தூங்குவதற்குத் தேவையான அந்த ஒரு ஆணியை அடிக்கிற உரிமை வாடகையில் சேராது என்பதை அன்றைக்குத் தான் தெரிந்துகொண்டேன். வீட்டு அலங்காரம் பற்றிய என் முதல் அபிப்பிராயமும் அதுதான்: சொந்தச் சுவர் இருக்கிறவர்களுக்குத் தான் அலங்காரம்.

அடுத்தது கம்பெனி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 48ஆவது பிரிவு, பெண் தொழிலாளர் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இருந்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. முதலில் அந்த எண்ணிக்கை ஐம்பது. 1976இல் முப்பதாகக் குறைந்தது. ஆனால் திருப்பூரில் ஒரே முதலாளியின் வேலை பல பெயர்ப் பலகைகளுக்குக் கீழே பிரிந்து கிடந்தது. தையல் ஒரு இடம், செக்கிங் ஒரு இடம், அயர்ன் ஒரு இடம், ஜாப் ஒர்க் இன்னொரு சந்து. எந்தக் கூரைக்குக் கீழே எண்ணினாலும் முப்பதைத் தொடாத மாதிரி பார்த்துக்கொள்ளலாம்.

நான் இருந்த கம்பெனி கொஞ்சம் பெரியது. அங்கே காப்பகம் இருந்தது. சுவரில் முயலும் யானையும் வரைந்திருந்தார்கள். கம்பி வைத்த நான்கு மரக்கட்டில்கள், ஒரு பிளாஸ்டிக் குதிரை, அ ஆ அட்டை. கட்டில் மெத்தைகள் பாலிதீன் உறை பிரிக்காமலே கிடந்தன. ஆடிட் வருகிற நாளில் பூட்டைத் திறப்பார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மற்ற நாளில் சாவி ஆபீஸ் அறையில் தொங்கும். ஆயா வேலைக்கு ஆள் இல்லை என்பது காரணம். என் மகள் கட்டிங் வேஸ்ட் மூட்டைக்கும் செக்கிங் மேஜைக் காலுக்கும் நடுவில் விரித்த துண்டில் படுத்திருப்பாள். எட்டரைக்குத் தொடங்கி ராத்திரி எட்டு வரை, ஒன்றரை ஷிப்ட். ஆடிட் நாளில் அவளைப் பக்கத்துச் சந்தில் ஒரு டீக்கடைக்கார அக்காவிடம் விட்டுவரச் சொன்னார்கள். குழந்தைகளுக்கான அறையைக் காட்டுவதற்காகக் குழந்தைகளை வெளியேற்றிய நாட்கள் அவை. நான் வாழ்க்கையில் பார்த்த மிக அழகான குழந்தை அறை அதுதான். என் குழந்தை அதில் ஒரு மணி நேரம் கூடத் தூங்கியதில்லை.

சங்கத்து வாசிப்பு வட்டத்தில் மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதி படித்தபோது இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் (1861-65) பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. தொழிலாளரின் உடல்நிலையைப் பார்க்கப் போன எட்வர்ட் ஸ்மித் என்கிற அரசு மருத்துவர், பட்டினிக்கு நடுவிலும் ஒரு நன்மையைக் காண்கிறார்: வேலையில்லாத தாய்மாருக்கு இப்போது பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரம் கிடைக்கிறது, 'காட்ஃப்ரே கார்டியல்' என்கிற அபின் கலந்த மருந்தைக் கொடுத்துத் தூங்க வைக்க வேண்டியதில்லை. பம்பாய் ஆலைகளிலும் இதே கதை தான். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைக்கு அபின் உருண்டை கொடுத்த வழக்கம் 1920களில் ஆய்வுகளில் பதிவானது. 1931இல் அரச தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கையும் அதைப் பேசியது. பிள்ளைக்கு அபின் கொடுத்தவள் கல்நெஞ்சக்காரி என்று எழுதுவது சுலபம். அவளுக்கும் பிள்ளை வளர்ப்பு பற்றி ஒரு அபிப்பிராயம் இருந்திருக்கும். அதன்படி நடக்க ஷிப்ட் விடவில்லை.

மொழியிலும் ஒரு தடயம் இருக்கிறது. இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களிடம் வேலைத்தலக் குழந்தைக் காப்பகத்துக்கு 'பிள்ளைக் காம்பரா', 'பிள்ளை மடுவம்' என்று சொந்தச் சொற்கள் உண்டு. தோட்ட நிர்வாகம் கருணையால் அதைக் கட்டவில்லை. கொழுந்து பறிக்கிற கை தேவைப்பட்டது. காம்பராவின் நிலையும் பல தோட்டங்களில் மோசம் தான். ஆனால் புழங்கியதால் சொல் பிறந்தது. எங்கள் ஊரில் பனியன் தொழிலுக்கு எத்தனையோ சொல் இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை. சட்டப் புத்தகத்தில் 'குழந்தைகள் காப்பகம்'. வாயில் வருவது 'பால்வாடி'. பால்வாடியோ அரசின் அங்கன்வாடி, சாயங்காலமே மூடிவிடும். எட்டு மணி வரை வேலை செய்கிறவளுக்கு அது பாதி நாள் மட்டுமே.

5

இப்போது மேஜைக்கு மேலே வருகிறேன். கீழே என் மகள். மேலே வேறு யாரோ ஒருத்தியின் மகளுக்கான உடுப்பு.

1992இல் ஐரோப்பாவில் 'ஓகோ-டெக்ஸ்' என்கிற தரச் சான்று தொடங்கியது. அதில் மூன்று வயது வரையிலான குழந்தைகளின் துணி முதல் வகுப்பு. எல்லாவற்றையும் விடக் கடுமையான வரம்பு அதற்குத் தான். குழந்தை வாயில் வைத்துச் சப்பினால் எச்சிலில் சாயம் இறங்கக் கூடாது. 1994இல் ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கும் அமின்களை வெளிவிடுகிற அசோ சாயங்களுக்குத் தடை கொண்டுவந்தது. இந்தியா 1997இல் தடை செய்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அந்தத் தடை வந்தது. தோலில் படுகிற உலோகத்தில் நிக்கல் கசியக் கூடாது என்று 1994இல் ஒரு விதி. 2004இல் வந்த ஐரோப்பியத் தரம் ஒன்று, சின்னப் பிள்ளைகளின் உடுப்பில் கழுத்துப் பக்கமும் தலைமூடியிலும் கயிறு வைக்கக் கூடாது என்றது. விளையாடும்போது எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பதால். ஸ்னாப் பட்டனை இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்போம். வந்துவிட்டால் லாட் முழுக்க நிற்கும். உடைந்த ஊசி நுனி கிடைக்காவிட்டால் மிஷினைச் சுற்றித் தரையில் காந்தம் வைத்துத் தேடுவோம். அப்படித் தேடும்போது தூங்குகிற என் மகளைத் தூக்கி அவளுக்குக் கீழேயும் காந்தத்தை ஓட்டியிருக்கிறேன். அந்த நுனி ரோம்பருக்குள் போகக் கூடாது என்பது தான் அன்றைய கவலை.

இந்த விதிகளைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. இவற்றுக்குப் பின்னால் எங்கோ ஒரு வீட்டில் பிள்ளையை இழந்த பெற்றோரின் பயம் இருக்கிறது. குழந்தைக் கட்டிலின் கம்பிகளுக்கு நடுவில் தலை நுழைந்துவிடாதபடி சுமார் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று அமெரிக்கா 1973இல் விதி போட்டது. பக்கவாட்டுச் சட்டம் கீழே இறங்குகிற கட்டில்களை 2011இல் விற்பனையிலிருந்தே தடை செய்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள், பத்திரிகைகள் எழுதின, சட்டம் வந்தது. அபிப்பிராயம் தரமாக மாறுவது இப்படித்தான். அதற்குப் பின்னால் வாங்குகிற சக்தியும் நீதிமன்றமும் நிற்க வேண்டும்.

எங்கள் பக்கம் என்ன நடந்தது? குழந்தை உடுப்பின் சாயத்தைச் சோதித்துச் சோதித்து அனுப்பிய அதே ஊரின் சாயத்தண்ணீர் நொய்யலில் போனது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. உப்பேறிய கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கரையோரத்துத் தாய்மாருக்கும் அபிப்பிராயம் இருந்தது: பிள்ளையைக் குளிப்பாட்டினால் உடம்பு அரிக்கிறது, சோறு வெந்தால் நிறம் மாறுகிறது என்று. விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிறவரை அது மனுவாகவே கிடந்தது. மூடியபோது வேலை போனதும் எங்களுக்குத் தான். ஒரு குழந்தையின் எச்சிலில் சாயம் இறங்கக் கூடாது என்கிற விதி கடல் தாண்டி எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தது. இன்னொரு குழந்தை குடிக்கிற கிணறு பதினைந்து மைல் தள்ளி இருந்தும் அந்த விதிக்குள் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சிறு உடுப்புகளைக் கைமடித்த கைகளில் பல, பத்துப் பன்னிரண்டு வயதுக் கைகள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. ஆனால் ஊர் பயந்தது 1992இல் அமெரிக்க செனட்டில் ஹார்கின், குழந்தை உழைப்பில் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று மசோதா கொண்டுவந்தபோது தான். அங்கேயும் எடுபட்டது வாங்குகிறவரின் அபிப்பிராயமே. பிள்ளைகளை வெளியே அனுப்பிய கம்பெனிகளில் அவர்களின் அம்மாக்களுக்குக் கூலி கூடவில்லை. வேலை மூட்டை கட்டி வீட்டுக்கு வந்தது. காம்பவுண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து பிசிர் வெட்டினோம். அப்பத்தாவின் ராட்டை அறை திரும்ப வந்த மாதிரி இருந்தது. தொட்டில் கயிறு தான் இல்லை.

6

அந்த அறைக்குள் நாங்கள் என்னென்ன வாங்கி வைத்தோம்? சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டை. ஏற்றுமதியில் கழித்த குழந்தை உடுப்பு அங்கே குவியலாகக் கிடக்கும். நான் ஓட்டை என்று ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிய பீஸை நானே காசு கொடுத்து வாங்கி மகளுக்குப் போட்டிருக்கிறேன். கட்டிங் வேஸ்டைத் திணித்துத் தலையணை. அதே வேஸ்டில் பின்னிய கால்மிதி. இரும்புக் குழாயில் ஸ்பிரிங் மாட்டிய தொட்டில் ஸ்டாண்டு பின்னால் பரவியது. கொக்கி அடிக்க விடாத வீடுகளுக்காகவே வந்த பொருள் அது; விரித்தால் பாதி அறையை எடுத்துக்கொள்ளும்.

நடைவண்டி பற்றி ஒரு வார்த்தை. சக்கரம் வைத்த குழந்தை நடைவண்டியைக் கனடா 2004இல் முழுக்கத் தடை செய்தது. பிள்ளைகள் படிக்கட்டில் உருண்டு விழுகிறார்கள் என்று. சரியான முடிவு. ஆனால் எங்கள் காம்பவுண்டில் அதை வாங்காத வீடு இல்லை. படிக்கட்டே இல்லாத பத்துக்குப் பத்தில், எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளை தவழ்ந்து போகாமல் நிறுத்தி வைக்க அந்த வட்டம் உதவியது. ஏழைகளின் ரசனை தேவையின் ரசனை என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ சொன்னார். ஓரளவுக்கு உண்மை தான். இருந்தாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தேவைக்கு வாங்கினோம் என்பதால் எங்களுக்கு ரசனை இல்லை என்று ஆகிவிடாது. பக்கத்து வீட்டு மதுரைக்கார அக்கா, கழித்துப் போட்ட மஞ்சள் பார்டர் துணியை மட்டும் ஆறு மாதம் பொறுக்கிச் சேர்த்து மகனுக்கு ஒரு விரிப்புத் தைத்தாள். "ஏன் மஞ்ச மட்டும்?" என்று கேட்டேன். "இருட்டு ரூமு. காலையில எந்திரிச்சா வெளிச்சமா எதையாவது பாக்கட்டுமேன்னு தான்" என்றாள்.

அரசுக்கும் இதில் ஒரு அபிப்பிராயம் உண்டு. 2015இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்மாருக்குப் பதினாறு பொருள் கொண்ட குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் தரத் தொடங்கியது. துண்டு, உடுப்பு, சின்ன மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை. பெட்டகத்தில் அம்மா பெயர் இருந்ததைக் கிண்டல் செய்தோம், பொருளை எடுத்துவைத்துக்கொண்டோம். பின்லாந்து இதே மாதிரி ஒன்றை 1938இல் ஏழைத் தாய்மாருக்குத் தொடங்கி, 1949இல் எல்லாத் தாய்மாருக்கும் ஆக்கியது. அங்கே அந்த அட்டைப் பெட்டியே குழந்தையின் முதல் கட்டிலாகவும் பயன்பட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பொருளில் இல்லை. எல்லோருக்கும் என்று ஆகும்போது அது உரிமை. பரிசு என்று எழுதியிருக்கும்போது நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

7

2000க்குப் பிறகு முதலாளிகள் இந்தப் பிரச்சினையை வேறு வழியில் தீர்த்தார்கள். தொட்டிலே இல்லாத தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். கோவை, திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர் வட்டார நூற்பாலைகளில் மூன்று வருட ஒப்பந்தத்தில் கல்யாணமாகாத பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்குகிற முறைக்கு 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை அதை உலகத்துக்குக் காட்டியது. முடிவில் கிடைக்கிற தொகை கல்யாணச் செலவுக்கு என்றார்கள். அதாவது கல்யாணமும் குழந்தையும் ஒப்பந்தத்துக்கு வெளியே, பிற்பாடு, வேறு யாருடைய செலவிலோ. பெண்ணின் உழைப்பை எடுத்துக்கொண்டு அவளிடமிருந்து பிறக்கப்போகிற அடுத்த தலைமுறையின் செலவைக் கிராமத்தின் தலையில் போடுகிற ஏற்பாடு இது.

2017இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தி, 26 வார விடுப்பும் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் காப்பகமும், ஒரு நாளில் நான்கு தடவை தாய் பிள்ளையைப் போய்ப் பார்க்கிற உரிமையும் எழுதினார்கள். 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டமும் ஐம்பது தொழிலாளர் என்கிற எல்லையைத் தான் வைத்தது. பீஸ் ரேட்டில் காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவளுக்கு இந்த விடுப்பு செய்தித்தாள் செய்தி. இன்றைக்கு எங்கள் பழைய காம்பவுண்டில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள் இருக்கின்றன. போன தீபாவளிக்கு அந்தப் பக்கம் போனபோது, ஜன்னல் கம்பிக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் குறுக்கே ஒரு சேலையைக் கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தாள் ஒரு சின்னப் பெண். கதவைத் திறந்தால் தொட்டில் அவிழும். அதனால் அவள் வெளியே வராமல் உள்ளே இருந்தே என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாஷை தெரியாததால் நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

8

எங்கள் ஊரில் சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் சில வருடங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் பேசுவார்கள். பஞ்சப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் பேசி வாங்கியவை தான், சும்மா வரவில்லை. அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு வரி சேர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒன்று, சந்துகளில் சிதறிக் கிடக்கிற ஜாப் ஒர்க் இடங்களுக்கெல்லாம் சேர்த்து வட்டாரத்துக்கு ஒரு காப்பகம். ஷிப்ட் முடிகிறவரை திறந்திருப்பது, கட்டிலில் பாலிதீன் பிரித்திருப்பது, ஆயாவுக்குச் சம்பளம் இருப்பது. முப்பதா ஐம்பதா என்று கூரைக்குக் கூரை எண்ணுவதை விட்டு, துணி யாருடையதோ அவர்கள் செலவில். அந்தத் துணியை வாங்குகிற கம்பெனியின் தரத்தாளில் பட்டனுக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு வரியாக இருக்கட்டும். இரண்டு, தொழிலாளர் குடியிருப்பு என்று யார் கட்டினாலும் ஒவ்வொரு அறையிலும் கனம் தாங்குகிற ஒரு கொக்கி. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எட்டு மணி நேர வேலைக்கும் ஒரு காலத்தில் சிரித்தார்கள்.

காம்பவுண்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரம்மா சுவரைத் தடவிப் பார்த்து, அட்வான்சில் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஒரு ராத்திரி, அழுகை தாங்காமல், அவருக்குத் தெரியாமல் ஒரு ஆணி அடித்திருந்தோம். அது நிற்காமல் காரையோடு பேர்ந்து வந்துவிட்டது.

நேற்று மகளுக்குப் போன் செய்தேன். கம்பி இடைவெளி நெருக்கமாக இருக்கிற, பக்கச் சட்டம் அசையாத மரக்கட்டில் வாங்கச் சொன்னேன். தலையணை, பஞ்சு மெத்தை எதையும் உள்ளே போடாதே என்றேன். உடுப்பு புதிதானாலும் ஒரு தடவை அலசிப் போடச் சொன்னேன். எல்லாம் மேஜையில் கற்றது தான். "நீ எப்ப வேலைக்குத் திரும்பப் போறே? அங்க புள்ளையப் படுக்க வெக்க எடம் இருக்குதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதத் தாம்மா அவங்ககிட்ட இன்னும் கேக்கல" என்றாள். கட்டில் வாங்குவதற்கு முன்னால் அதைக் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.